சந்தர்ப்பவாதி என்பவர் யார்?

(மூன்றாமாண்டு வரலாற்று மாணவன், சாமல்பட்டி)

சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் ஊராகிய சாமல்பட்டியில், இரயில் நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையில், என் தந்தையாரை ஒருவர் 'சந்தர்ப்பவாதி' என்று ஏசினார். ஏசியவர் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். ஏச்சைக் கேட்டவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கடையில் அப்போது பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். தந்தையார் மறுமொழி ஏதும் கூறாமல் வீட்டுக்கு வந்து, கால் கழுவிக்கொண்டு, திண்ணையில் அமர்ந்த பின்னர் என்னைக் கேட்டார்: "ஏன்டா, சந்தர்ப்பவாதின்னா என்னடா அர்த்தம்? திருடன்னு சொல்றானா, ஏமாத்துக்காரன்னு சொல்றானா?"

"இரண்டும் இல்லைப்பா. நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாறுகிறவன்" என்றேன்.

"நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாறாம வெவசாயம் எப்படிடா பண்றது?" என்றார் அவர்.

என்னிடம் விடை இல்லை. கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லத் தெரியாமல் விழித்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பட்டிமன்றங்களிலும் தேர்தல் மேடைகளிலும் நாம் நாள்தோறும் கேட்கும் சொல் அது. விடுதியில் சாப்பாட்டுக்கு வரிசையில் முந்துகிறவனைக்கூட நாம் சந்தர்ப்பவாதி என்கிறோம். ஆனால் இன்னது என்று வரையறுத்துக் கூறச் சொன்னால் நா எழுவதில்லை. அன்று தொடங்கி நூலகத்திலும், நம் பேராசிரியர்களைத் தொல்லை செய்தும் நான் அறிந்துகொண்டவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன். பிழை இருப்பின் தமிழ்த்துறைப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சொல் பிறந்த கதை

'சந்தர்ப்பம்' வடசொல். சேர்த்துக் கட்டுதல், தொடுத்தல் என்பதே அதன் பழம்பொருள். ஒரு கூற்று எந்தத் தொடர்ச்சியில் வருகிறது என்பதைக் குறிக்கவும் வடமொழியில் அது வழங்குகிறது. தேர்வுத் தாளில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்கிறார்களே, அந்த 'இடம்' என்பதற்கு நெருங்கிய பொருள் அது. இந்தியில் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறார்கள். தமிழில் அது தொடர்ச்சி என்னும் பொருளை நழுவவிட்டு, 'தக்க வேளை', 'வாய்ப்பு' என்பவற்றைப் பற்றிக்கொண்டது. அதனோடு 'வாதம்' சேர்ந்தது. கொள்கை என்னும் பொருளில் சேர்ந்த வாதம் அது. (முடக்குவாதத்தைப் போலவே இதுவும் முதுகெலும்பைத் தாக்கும் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் வேடிக்கையாகக் கூறுவார்.)

ஆங்கிலத்தில் இதற்கு 'ஆப்பர்ச்சூனிசம்' என்கிறார்கள். அதன் மூலம் இலத்தீன். 'ஆப்' என்றால் நோக்கி, 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம். துறைமுகத்தை நோக்கி வீசும் காற்று எதுவோ அதுவே 'ஆப்பர்ச்சூனுஸ்', அதாவது தக்கது, வாய்ப்பானது. பாய்மரக் கப்பல் ஓட்டிய மக்களின் சொல் அது. நம்மவர்களோ களத்து மேட்டில் நின்றவர்கள். அவர்களும் காற்றைத்தான் கண்டார்கள். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றார்கள். கடலோடிக்கும் உழவனுக்கும் வாய்ப்பு என்பது காற்றாகவே தோன்றியிருப்பது எனக்கு வியப்பளித்தது. அதைவிட முக்கியமான ஒன்று, இரண்டிலும் பழிச்சொல் கிடையாது. காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவனையோ, முறத்தை எடுத்தவனையோ எவரும் குறை கூறவில்லை. வாய்ப்பைப் பயன்படுத்துவது மட்டுமே சந்தர்ப்பவாதம் என்றால், உலகில் சந்தர்ப்பவாதி அல்லாதவன் சோம்பேறி ஒருவனே.

நம் பகுதி மாணவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேசப்படும் எல்லைப்புறத்தில் நாம் வாழ்கிறோம். ஓசூர்ப் பக்கத்து நண்பரைக் கேட்டேன். கன்னடத்தில் இதற்கு 'அவகாசவாதி' என்பார்களாம். தெலுங்கிலும் அதுவே. மலையாளத்திலும் இந்தியிலும் 'அவசரவாதி'. நமக்கோ அவகாசம் என்றால் தவணை. அவசரம் என்றால் பரபரப்பு. அண்டை மாநிலத்துச் செய்தித்தாளைத் தமிழ்க் காதோடு கேட்டால், ஒரு தலைவர் நிதானமானவர் என்றும் மற்றொருவர் பதற்றக்காரர் என்றும் பொருள்படும்! கன்னடத்தில் 'சமயசாதகன்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. சமயம் பார்த்துக் காரியத்தைச் சாதித்துக்கொள்பவன் என்று பொருள். அதுவும் வசைதான். தமிழில் அதே சமயத்தை வைத்து 'சமயோசிதம்' என்கிறோம். அது பாராட்டு. ஒரே செயலைப் புகழவும் இகழவும் மொழிகள் இரண்டு வாசல் வைத்திருக்கின்றன. நாம் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பது, செய்தவன் நமக்கு வேண்டியவனா வேண்டாதவனா என்பதைப் பொறுத்திருக்கிறது போலும்.

இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்று இடங்கள் படிக்கிறோம். காந்தியவாதி 'நான் காந்தியவாதி' என்று பெருமிதத்தோடு கூறுவார். பொருள்முதல்வாதியும் அப்படியே. 'நான் சந்தர்ப்பவாதி' என்று கூறியவரை யாரேனும் கண்டதுண்டா? கொள்கையின் பெயரைத் தாங்கி நிற்கும் இச்சொல்லுக்குத் தன்மை இடமே இல்லை. முன்னிலையிலும் அரிது. பெரும்பாலும் படர்க்கைதான், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில். எங்கள் ஊர் மண்டிக்காரர் என் தந்தையாரை நேரில் வைத்துக்கொண்டே சொன்னார் என்பதை அவருக்குச் சாதகமாகவே குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சிலும் ஜெர்மனியிலும்

தன்மை இடம் அறவே இல்லை என்று சொல்லிவிட்டேன். வரலாற்றில் ஒரு விலக்கு உண்டு. 1871இல் பாரிஸ் கம்யூன் அடக்கப்பட்ட பின்பு, பிழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்று தீவிரக் குடியரசுவாதிகள் கேட்டனர். காம்பெத்தாவும் அவரைச் சார்ந்த மிதவாதிகளும், தக்க வேளை வரட்டும், அவசரப்பட்டால் முடியாட்சிக்காரர்கள் திரும்பி வந்துவிடுவர் என்றனர். அந்தத் தீவிலிருந்து தப்பி வந்த பத்திரிகையாளர் ஆன்ரி ரோஷ்ஃபோர் முதலியோர், 1870களின் பிற்பகுதியில் 'தக்க வேளைக்காரர்கள்' என்று இவர்களை எள்ளி நகையாடினர். அந்த எள்ளல் நிலைத்துவிட்டது. வரலாற்று நூல்களில் இன்றும் அக்குழுவினரின் பெயர் 'ஆப்பர்ச்சூனிஸ்டு குடியரசுவாதிகள்' என்பதே. 1880இல் பொதுமன்னிப்பு வந்தது. அதற்காக மன்றத்தில் வாதாடியவர்களில் காம்பெத்தாவும் ஒருவர். இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைப் பிரான்சில் கொண்டு வந்ததும் இக்குழுவினரின் ஆட்சியே. ஆகவே பிறந்தபோது இச்சொல்லுக்குப் பொருள் 'காத்திருப்பவர்' என்பதே. 'கட்சி மாறுபவர்' என்பதன்று. தீவில் கிடந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

இச்சொல்லைக் கூர்தீட்டியவர் லெனின். ஜெர்மானியச் சமூக ஜனநாயகக் கட்சி 1912 தேர்தலில் 110 இடங்களைப் பெற்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாக விளங்கியது. போர் மூண்டால் தொழிலாளர்கள் எதிர்க்க வேண்டும் என்று அனைத்துலக மாநாடுகளில் தீர்மானம் நிறைவேற்றிய கட்சி அது. 1914 ஜூலை இறுதியில்கூடப் போருக்கு எதிராகப் பேரணிகள் நடத்தியது. ஆகஸ்டு 4ஆம் நாள் அதே கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. லெனினால் இதைப் பொறுக்க இயலவில்லை. இயக்கத்தின் நெடுநாள் நலனை அன்றைய சில்லறை நலனுக்காகக் கைவிடுவதே அவர் கணக்கில் சந்தர்ப்பவாதம்.

ஆனால் அதே லெனின் 1918இல் ஜெர்மனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார். அவரைக் குறை கூறியவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? 1920இல் எழுதிய நூலில் ஓர் உவமையால் விடை தந்தார். வழிப்பறிக்காரர்கள் துப்பாக்கியைக் காட்டிக் காரை மறிக்கிறார்கள். பணத்தையும் காரையும் கொடுத்துவிட்டு உயிர் தப்புகிறோம். அது ஒரு சமரசம். கொள்ளையில் பங்கு கிடைக்கும் என்று அதே கொள்ளையருக்குப் பணமும் ஆயுதமும் கொடுக்கிறோம். அதுவும் சமரசம்தான். இரண்டையும் ஒன்றாகக் கருத முடியுமா? இந்த ஓர் உவமை எனக்குப் பத்து அகராதிகளைவிட உதவியது. லெனினுடைய கட்சியைப் பற்றி ஒருவர் என்ன கருதினாலும் உவமை உவமைதான்.

நம் முன்னோர் கண்டது

திருக்குறளில் சந்தர்ப்பவாதம் என்று சொல் இல்லை. ஆனால் பொருள் இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. 49ஆம் அதிகாரம் காலமறிதல். பகல் நேரத்தில் காக்கை தன்னைவிட வலிய கூகையை வெல்லும் என்கிறார் வள்ளுவர். காலம் கூடும்வரை கொக்கைப்போல் அடங்கி இருந்து, கூடியதும் அது குத்துவதைப்போல் விரைந்து செய்க என்கிறார். இவ்வதிகாரத்தை மட்டும் படித்தவர், வள்ளுவரும் சந்தர்ப்பவாதியா என்று கேட்கக்கூடும். 82ஆம் அதிகாரமாகிய தீ நட்புக்கு வந்தால் அதே வள்ளுவர் வேறு முகம் காட்டுகிறார். பயன் உள்ளபோது ஒட்டி, இல்லாதபோது விலகுபவரைப் பழிக்கிறார்; கிடைப்பதை எடைபோட்டுப் பார்க்கும் நண்பரைக் கள்வரோடு ஒரு வரிசையில் நிறுத்துகிறார்.

முரண்பாடா? நான் அவ்வாறு கருதவில்லை. காக்கை நேரத்தைத் தேர்கிறது, பக்கத்தை மாற்றவில்லை. இரவானால் கூகையின் கட்சியில் அது சேர்ந்துவிடுவதில்லை. கொக்கும் அப்படியே. தீ நட்பில் வருபவனோ பக்கத்தையே மாற்றுகிறான். வேளையைப் பார்ப்பது வேறு, ஆளைப் பார்ப்பது வேறு.

மூதுரையில் ஔவையார் கூறும் உவமை நம் அனைவருக்கும் தெரியும். நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறக்கும் பறவையைப் போன்றவர் உறவினர் அல்லர். குளத்தோடு கிடந்து வாடும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போன்றவரே உறவினர் என்பது பாட்டின் கருத்து. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நான் பறவையை வெறுத்தேன். இப்போது சற்று இரக்கம் வருகிறது. கொட்டிக்கு வேர் உண்டு, கிழங்கு உண்டு. மழை வந்தால் மீண்டும் தளிர்க்கும். பறவைக்கு என்ன உண்டு? வற்றிய குளத்தில் நின்றால் சாவுதான். ஔவையார் உறவைப் பற்றிப் பேசினார், வயிற்றுப்பாட்டைப் பற்றியன்று. நாம்தான் அவ்வுவமையை எடுத்துச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும் ஆலைக்கு மாறும் தொழிலாளியின் மேல் எறிகிறோம்.

பச்சோந்தியும் இப்படிப் பழி சுமந்த ஓர் உயிர். அது நிறம் மாறுவது இடத்துக்கு ஒத்துப்போவதற்காக மட்டுமன்று. உடல் வெப்பத்தைச் சமன்செய்யவும், தன் இனத்தாருக்குக் கோபத்தையும் விருப்பத்தையும் அறிவிக்கவுமே அது பெரிதும் நிறம் மாறுகிறது என்று விலங்கியலார் கூறுகின்றனர். அதாவது மனத்தில் உள்ளதை மறைக்காமல் தோலில் காட்டிவிடுகிறது. சந்தர்ப்பவாதிக்கு இதைவிடப் பொருந்தாத உவமை வேறில்லை!

மருத்துவத் துறையிலும் இச்சொல் வழங்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் குன்றிய வேளை பார்த்துத் தாக்கும் நோயைச் 'சந்தர்ப்பவாதத் தொற்று' என்பர். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பின்னர், காசநோய் முதலியவற்றைக் குறிக்க இத்தொடர் இங்கே பரவியது. 2021இல் கொரோனாவை அடுத்து வந்த கறுப்புப் பூஞ்சையும் இவ்வகைதான். பூஞ்சைக்குக் கொள்கை ஏது, கைவிடுவதற்கு? அங்கே அது வெறும் பெயர்.

ஓசூர் வட்டத்துப் பெரியவர் ஒருவர்

சொல்லாராய்ச்சி போதும். ஒரு மனிதரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் இராஜாஜி. நம் மாவட்டம் ஈன்ற பெருமக்களில் தலையாயவர். இவரைப்போல் நிலை மாறியவர் என்று பழிக்கப்பட்ட தலைவர் தமிழகத்தில் சிலரே.

கணக்கைப் பாருங்கள். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சரானார். 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்கள் சிறை சென்றனர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். அதே இராஜாஜி 1950களின் பிற்பகுதியில் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றார். 1952இல் காங்கிரசுக்குச் சட்டமன்றத்தில் 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தபோது, தேர்தலில் நிற்காமலே மேலவைக்கு நியமனம் பெற்று முதலமைச்சரானார். கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று முழங்கினார். 1967இல் அவருடைய சுதந்திராக் கட்சி தி.மு.க. அணியில் இருந்தது. மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டுக் கட்சியும் அதே அணியில் இருந்தது! 1971இல் தி.மு.க.வை எதிர்த்து, வாழ்நாள் முழுதும் தமக்கு எதிரணியில் நின்ற காமராசரோடு கைகோத்தார். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, பெயரை மறைத்து, நம் வகுப்பில் யாரிடம் காட்டினாலும் 'சுத்தமான சந்தர்ப்பவாதி' என்று தீர்ப்பு வரும்.

ஆனால் இன்னொரு பத்தியும் எழுத வேண்டியிருக்கிறது. 1942இல் நாடே 'வெள்ளையனே வெளியேறு' என்று பொங்கவிருந்த வேளை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று குழந்தைக்கும் தெரியும். அந்த வேளையில், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று உடன்பாடு காண வேண்டும் என்று கூறி, ஜூலையில் காங்கிரசை விட்டு விலகினார் இராஜாஜி. துறைமுகத்தை நோக்கி அடிக்கும் காற்றில் எதிர்த்திசைக்குப் பாய் விரித்தவரை எப்படி அச்சொல்லால் அழைப்பது? பதவியும் புகழும் தேடுபவர் செய்யும் காரியமா அது? பின்னர் 1944இல் காந்தியடிகள் ஜின்னாவோடு பேசச் சென்றபோது அடிப்படையாக இருந்தது இராஜாஜியின் திட்டமே.

மதுவிலக்கை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் அதைக் கொண்டு வந்தார். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் நம் கிருஷ்ணகிரியும் ஊத்தங்கரையும் ஓசூரும் அதில் அடக்கம். தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965இல்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல். கள்ளுக்கடை வருவாய் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டு வந்து வணிகர்களின் பகையையும் தேடிக்கொண்டார். 34 ஆண்டுகள் கழித்து, 1971இல், தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, 90 வயதைக் கடந்த அம்முதியவர் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பயனில்லை. மறு ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார்.

எனவே இராஜாஜியைப் பற்றி என் தீர்ப்பு என்ன? அணிகளை மாற்றினார், மதுவிலக்கு போன்ற சிலவற்றை மாற்றவே இல்லை. 1942இல் அவர் செய்தது சந்தர்ப்பவாதத்துக்கு நேர் எதிரானது. இந்தியைப் பற்றிய மாற்றம் மனமாற்றம். ஆனால் 1938இல் தாம் செய்தது தவறு என்று அவர் மனம் திறந்து சொல்லியிருந்தால் பழி பெரிதும் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். 1967 கூட்டணியைக் காங்கிரசு எதிர்ப்பு என்னும் ஒரே கயிற்றில் கட்டினார்; கயிறு தேர்தல்வரை தாங்கியது; அவர் கட்சிக்கு 20 இடங்கள் கிடைத்தன. அதில் சந்தர்ப்பவாதம் இல்லவே இல்லை என்று என்னால் சாதிக்க முடியாது. ஒரு மனிதர் முழுக்க முழுக்கச் சந்தர்ப்பவாதி என்பது அபூர்வம். ஒரு செயலைத்தான் அப்படிச் சொல்ல முடியும் என்ற எண்ணம் எனக்கு இங்கேதான் வந்தது.

ஐயத்துக்கே இடமில்லாதவையும் உண்டு. 1967இல் அரியானாவில் கயா லால் என்னும் சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (வந்தார் ராம், போனார் ராம்) என்னும் வழக்கு அவரால் வந்தது. 1980இல் அதே மாநிலத்தில் பஜன் லாலின் ஜனதா அமைச்சரவை கூண்டோடு காங்கிரசுக்கு மாறியது. 1985இல் அரசியலமைப்பின் 52ஆம் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்துக் கட்சித் தாவலுக்குத் தடை விதித்தது. எனினும் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் குற்றமில்லை என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தது. ஒருவர் தாவினால் தாவல், கும்பலாகத் தாவினால் பிளவு! 2003இல் 91ஆம் திருத்தம் அவ்வாசலை அடைத்தது. மூன்றில் இரண்டு பங்கினர் இணைப்பு என்னும் சன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது.

மீண்டும் திண்ணைக்கு

என் தந்தையாருக்குச் சிறு மாந்தோப்பு உண்டு. பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். ஆலைகள் கூழுக்கு வாங்கும் காய் அது. ஆண்டுதோறும் தை மாதம் பூ எடுக்கும்போது, மருந்தடிப்புச் செலவுக்கு மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குவார். காய் அவர் மண்டிக்கே போக வேண்டும் என்பது பேச்சு. எழுத்து இல்லை. அதற்கு முந்திய ஆண்டில் காய்ப்பு மிகுதி. ஆலை வாசலில் லாரிகள் நாள்கணக்கில் நின்றன. "இப்பப் பறிக்காதீங்க, சொல்லி அனுப்பறேன்" என்றார் மண்டிக்காரர். அவர் சொல்லி அனுப்புவதற்குள் பாதிக் காய் பழுத்து உதிர்ந்தது. மீதிக்கு அவர் வைத்ததே விலை; முன்பணத்தை மட்டும் தவறாமல் கழித்துக்கொண்டார். 'சந்தை நிலவரம்' என்று அதற்குப் பெயர் சொன்னார்.

சென்ற ஆண்டு காய்ப்புக் குறைவு. வேறொரு வியாபாரியின் லாரி தோப்புக்கே வந்தது. கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதல். தந்தையார் இரண்டு நடை காயை ஏற்றிவிட்டார். அன்று மாலையே முன்பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மண்டிக்குப் புறப்பட்டார். அவர் போவதற்குள் செய்தி போய்விட்டது. வழியில் தேநீர்க் கடையிலேயே இருவரும் எதிர்ப்பட்டனர். நடந்ததை முதலிலேயே கூறியிருக்கிறேன்.

மண்டிக்காரர் விலை மாறியதற்கேற்ப மாறியது சந்தை நிலவரம். தோப்புக்காரர் மாறியது சந்தர்ப்பவாதம். பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளையும் பெங்களூரின் அண்மையையும் கணக்கிட்டுத்தான் ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வந்தன. அதை நாம் 'முதலீட்டு வாய்ப்பு' என்கிறோம், சரிதான். அங்கே வேலை செய்யும் இளைஞன் ஐந்நூறு ரூபாய் கூடுதலுக்கு அடுத்த ஆலைக்குப் போனால் மட்டும் 'விசுவாசம் இல்லாதவன்' என்கிறோம். இச்சொல் மேலிருந்து கீழ்நோக்கி எளிதாகப் பாய்கிறது. கீழிருந்து மேலே எறிய வலிமை வேண்டும்.

ஆனால் என் தந்தையார் பக்கமே முழு நியாயமும் என்று எழுதிவிட்டால் அது மகன் எழுதிய கட்டுரையாகுமே தவிர மாணவன் எழுதியதாகாது. காய் மண்டிக்கு வரும் என்ற நம்பிக்கையில் மண்டிக்காரர் வண்டி பேசி வைத்திருந்தார். ஆலையில் சொல்லி வைத்திருந்தார். தந்தையார் பணத்தைத் திருப்பியது காய் போன பிறகு. லாரி வருமுன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது வெறும் வியாபார மாற்றம். சொல்லாமல் ஏற்றியதில், அந்தச் சில மணி நேரத்தில், மண்டிக்காரரின் சொல்லுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொருள் சொல்லக் கடன்பட்டவன் என்ற முறையில் இதையெல்லாம் தந்தையாரிடம் கூறினேன். காக்கை கதையை ரசித்தார். இராஜாஜி மதுவிலக்குக் கொண்டு வந்ததைத் தம் பாட்டனார் சொல்லிக் கேட்டிருப்பதாகக் கூறினார். லாரியைப் பற்றிச் சொன்னபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "போன வருசம் அவன் சொல்லி அனுப்பலயேன்னு எனக்குக் கோவம். அந்தக் கோவத்துலதான் நானும் சொல்லி அனுப்பல" என்றார்.

இந்தத் தை மாதம் பூ எடுத்தபோது தந்தையார் மண்டிக்கு நேரில் போனார். நானும் உடன் சென்றேன். "இந்த வருசம் முன்பணம் வேணாங்க. காய் வந்தப்புறம் யாரு நல்ல வெல தர்றாங்களோ அவுங்களுக்குத்தான். உங்ககிட்டதான் மொதல்ல கேப்பேன்" என்றார். மண்டிக்காரர் சற்று நேரம் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்பு பையனைக் கூப்பிட்டு மூன்று தேநீர் வாங்கிவரச் சொன்னார். மருந்தடிக்கும் செலவுக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டிருப்பதாகத் தந்தையார் கூறினார். அது எப்போது கிடைக்கும் என்று இருவரும் அதன் பிறகு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தனர்.